லேபிள் இல்லாத ஸ்பூல்

அக்கா புருஷனுக்கு எங்கள் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். அவரைத் திருடன் என்று முதலில் நினைத்ததும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் சரியாக ஏழு மாதம்.

எதையும் சட்டென்று நம்புகிற ரகம் இல்லை நான். கடைக்காரர் எடை போடும்போது தராசைப் பார்க்க மாட்டேன், அவர் சுண்டுவிரலைப் பார்ப்பேன். பட்டறையில் எனக்கு 'எக்ஸ்ரே' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் செய்வது லேசர். இரும்புத் தகட்டை வெண்ணெய் மாதிரி வெட்டுகிற லேசர். அதற்கு முன் பதினோரு வருஷம் நான் தொலைபேசி கேபிள்களில் கண்ணாடி இழை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த இழையில் போகிற வெளிச்சம் வெறும் பேச்சைச் சுமக்கிற அளவுதான். இரும்பை வெட்டுகிற வெளிச்சத்தை அந்த இழையில் விட்டால் அது தாங்காது. அதன் நடுப்பகுதி அத்தனை ஒடுக்கம். நெரிசலில் வெளிச்சம் பாதி வழியிலேயே திரும்பி ஓடிவரும், நிறம் மாறும், கடைசியில் கண்ணாடியே பொசுங்கிவிடும்.

அதனால்தான் எங்களுக்கென்று தனி இழை. நடுப்பகுதி அகலம், வெளிச்சத்துக்கு மூச்சுவிட இடம் உண்டு. அந்த நடுப்பகுதியில் இட்டெர்பியம் என்று ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அதைச் சுற்றி இன்னொரு கண்ணாடி அடுக்கு. அந்த அடுக்கில் மலிவான, முரட்டு வெளிச்சத்தைத் தள்ளினால் போதும், இட்டெர்பியம் அதைக் குடித்துக் குடித்து நடுவில் போகிற மெல்லிய கதிருக்கு ஊட்டிவிடும். ஒரு முனையில் நோஞ்சானாக நுழைவது மறுமுனையில் பயில்வானாக வெளியே வரும். பத்து மீட்டர் நீளத்தில் சூடு பரவிவிடுவதால் குளிர வைப்பதும் சுலபம். கண்ணாடிகளை நேராக நிறுத்தித் திருகிக்கொண்டிருக்கிற பழைய லேசர் தலைவலி எதுவும் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

இந்தப் பத்து மீட்டரை ஒரு அலுமினியத் தட்டில் பள்ளமாக வெட்டியிருக்கும் காடியில் சுற்றி வைக்க வேண்டும். தட்டில் இரண்டு காடிகள். உள்ளே சின்ன வட்டமாக ஒன்று, வெளியே பெரிய வட்டமாக ஒன்று. சுற்றும் வேலையைப் பல வருஷமாகப் பார்த்துவந்தவர் மகளோடு இருக்கப்போகிறேன் என்று ஊரை விட்டுப் போனார். "சுத்தறது என்ன பெரிய வித்தை, நான் பாத்துக்கறேன்" என்று அந்த வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதே மாதம்தான் அத்தான் ஸ்டோர் பொறுப்புக்கு வந்தார். ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு ஆறு மாதமாக வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அக்கா என்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேட்ட மாதிரி பார்த்தாள். நான் முதலாளியம்மாவிடம் பேசினேன்.

முதல் மூன்று மாதம் பழைய ஆள் சுற்றி வைத்துவிட்டுப் போன தட்டுகளே ஓடின. அதற்குப் பிறகு போன இரண்டு மெஷின்களும் திரும்பி வந்தன. வெட்டின விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கிறதாம். கேமராவில் பார்த்தோம். நல்ல கதிர் என்றால் ஒரே உருண்டைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். இது இரண்டாகப் பிளந்து, ஒன்று தூங்கி ஒன்று விழிக்கிற கண்களைப் போல ஆடியது.

எங்கள் பொறியாளருக்கு 'மைக்ரான்' என்று பெயர் வைத்திருந்தோம். மனுஷன் பேசுவதே அந்த அளவில்தான். அவர் இழையை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"அளவு சரியா இருக்கு. ஆனா அளவு சரியா இருந்து, கண்ணாடிக் கலவை மட்டும் வேறயா இருக்கற இழையும் நம்ம ஸ்டோர்ல இருக்கு. அதைப் போட்டா கதிர் இப்படித்தான் ஆடும். கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. லேபிள்தான் அடையாளம்" என்றார்.

இழை முனைகளை நான் ஒட்டின ஒட்டு எப்படி என்று கேட்டார். என் ஒட்டைப் பற்றிக் கேள்வியா? நான் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

முதலாளியம்மா அதிகம் பேசமாட்டார். "மூணாவது மெஷின் திங்கக்கிழமை போகணும். அதுவும் திரும்பி வந்தா, யாரால வந்துச்சோ அவங்க வீட்டுக்குப் போகணும்" என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை இழை சுற்றிய ஸ்பூல் ஒன்று வாங்க ஸ்டோருக்குப் போனேன். அத்தான் அலமாரியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போய், எண்ணி நான்காவது பெட்டியை எடுத்தார். பெட்டியின் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. ஒரு மூலை மடங்கி, அடியில் பழைய பசை தெரிந்தது. உரித்து மறுபடி ஒட்டின லேபிள். எனக்கு மூக்கு வியர்த்தது.

"என்ன அத்தான், லேபிள் ஒரு மாதிரி இருக்கு?"

"ஈரம் பட்டிருக்கும்மா. நான்தான் ஒட்டி வச்சேன்."

அந்த அறையில் ஈரம் எங்கே இருந்து வரும்? குழாய்கூட இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துப் பேசினார். யோசித்துப் பார்த்தால் ஒரு மாதமாகவே அப்படித்தான். குற்றமுள்ள நெஞ்சு வேறெப்படிப் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஸ்பூல் ஒன்று எத்தனை விலை என்று எனக்குத் தெரியும். நல்லதை வெளியே கொடுத்துவிட்டு, சாதாரணத்தை அந்தப் பெட்டிக்குள் வைத்து, லேபிளை ஒட்டிவிட்டால் எந்தக் கொம்பனுக்கும் தெரியப்போவதில்லை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சாப்பாட்டு டப்பா காலியான பிறகும் சாயங்காலம் அவர் பை விறைப்பாகத்தான் போகும். அதை மடங்கவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார். ஸ்டோர் கதவை உள்ளே இருந்து சாத்திக்கொள்வார். ஒருமுறை கதவைத் தட்டாமல் திறந்தேன். கையிலிருந்த எதையோ இழுப்பறைக்குள் தள்ளினார்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். உளவு பார்க்கத்தான் போனேன், அதில் ஒளிவுமறைவு என்ன. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா மேஜையில் இருந்த காகிதங்களைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினாள். அவள் விரலில் கறுப்பு மை.

"என்னக்கா எழுதற?"

"வீட்டுக் கணக்குடி."

அக்கா ஜென்மத்தில் வீட்டுக் கணக்கு எழுதினவள் இல்லை. இவளும் கூட்டு என்று தோன்றியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வேலையைப் பற்றிப் பேசினேன். பழைய ஆள் அந்த இழையைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி உள்காடியில் இறுக்கிச் சுற்றுவார், நான் கண்ணாடியை நோகடிக்காமல் வெளிக்காடியில் பெரிய வட்டமாக, தொட்டில் கட்டுகிற மாதிரி சுற்றுகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். கேபிள் வேலையில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான்: இழையை இறுக்கி வளைக்காதே, வளைவில் வெளிச்சம் ஒழுகிவிடும்.

"பெரிய வட்டமாவா?" என்றாள் அக்கா.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

வியாழக்கிழமை மூன்றாவது மெஷினை ஓட்டிப் பார்த்தோம். கேமராவில் அதே இரட்டைக் கண். மைக்ரான் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் நேராக முதலாளியம்மா அறைக்குப் போய், கோணல் லேபிள், விறைப்பான பை, சாத்தின கதவு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லும்போது அக்கா முகம் நினைவுக்கு வராமல் இல்லை. சொந்தக்காரர் என்பதற்காக மூடி மறைத்தால் நாளைக்கு என்னையும் சேர்த்துத்தானே பேசுவார்கள்?

ஐந்து மணிக்கு அத்தான் பையோடு வந்தார். நான் வழியை மறித்து நின்றேன். பின்னால் முதலாளியம்மாவும் மைக்ரானும்.

"பையைத் திறங்க அத்தான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா" என்றார் மெதுவாக.

"என்ன பேசறதா இருந்தாலும் இங்கயே பேசுங்க."

அவர் திறக்கவில்லை. நானே பிடுங்கி மேஜையில் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பா. பிடி உடைந்த ஒரு பூதக்கண்ணாடி. இரண்டு அட்டைகளுக்கு நடுவில், மடங்காமல், ஸ்பூல் பெட்டிகளில் இருந்து உரித்த லேபிள்கள். ஒரு தடித்த நோட்டு. நோட்டைத் திறந்தால் பக்கத்துக்கு நான்கே வரி. கட்டைவிரல் அளவு எழுத்துகள், கறுப்பு மையில், அக்காவின் கையெழுத்து.

ஸ்பூல் எதுவும் இல்லை.

"கண்ணுல புரை" என்றார் அத்தான். "பொடி எழுத்து தெரியல. அதான் லேபிளையும் பெட்டிக்குள்ள வர்ற தாளையும் வீட்டுக்குக் கொண்டு போவேன். இவ அக்கா பெருசா எழுதிக் குடுப்பா. மறுநாள் காலையில ஒட்டிருவேன். ஆபரேஷனுக்குப் பத்து நாள் லீவு வேணும். சேந்து ஏழு மாசத்துல எப்படிக் கேக்கறதுன்னு..."

முதலாளியம்மா நோட்டைப் புரட்டினார். "கண்ணு தெரியாம, லேபிளை உரிச்சு உரிச்சு ஒட்டியிருக்கீங்க. எந்த ஸ்பூல் எந்தப் பெட்டிக்குப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? மூணு மெஷின் போச்சே, சார்."

"மாறலீங்க. ஒரு தடவைகூட மாறலீங்க."

"நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவர் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டார். வாசற்படியைக் காலால் துழாவி இறங்கினார். திருட்டு இல்லை என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி இருந்தது. அதோடு கூட, எப்படியோ தப்பு அவரிடம்தான் இருக்கிறது, என் மூக்கு பொய் சொல்லவில்லை என்று ஒரு திருப்தியும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே போனேன். எந்த ஸ்பூல் எங்கே மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் சரியானதை எடுத்துப் போட்டுவிடலாம். அத்தானின் நோட்டையும் லேபிள்களையும் பதிவேட்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். நாற்பத்தொரு பெட்டி. ஒரு எண் பிசகவில்லை. பூதக்கண்ணாடியும் இல்லாமல், நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அவருக்கு முன் ஸ்டோரில் இருந்தவர் எழுதின பக்கங்களில்கூட அடித்தல் திருத்தல் இருந்தது. இவர் வந்த பிறகு ஒன்றும் இல்லை.

நான் விடவில்லை. நோட்டில் எங்கள் ஸ்பூலுக்கான பக்கத்தைத் தேடி எடுத்தேன். இழை செய்கிற கம்பெனி பெட்டிக்குள் போட்டு அனுப்புகிற தாளில் இருந்ததுதான் அது. நான் இதுவரை படித்ததே இல்லை. பதினோரு வருஷ அனுபவக்காரிக்குத் தாள் எதற்கு? அக்கா அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

நடுப்பகுதி அகலமான இழை.
வெளிச்சம் கோணல்மாணலாகவும் ஓடும்.
பத்து செ.மீ. வட்டத்தில் இறுக்கிச் சுற்றவும். கோணல் வெளிச்சம் வளைவில் ஒழுகிவிடும்.
தளர்த்தினால் கதிர் பிளக்கும்.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது. ஒழுகக்கூடாது என்று நான் பதினோரு வருஷம் காத்துவந்தது கேபிள் இழைக்கு. இந்த இழைக்கு ஒழுகுவதுதான் வைத்தியம். வேண்டாத வெளிச்சத்தை வளைவுதான் பிழிந்து வெளியே தள்ளுகிறது. பழைய ஆள் கழுத்தை நெரித்தது அதற்காகத்தான். நான் தொட்டில் கட்டின மூன்று மெஷின்களில்தான் கதிர் பிளந்தது.

மூன்றாவது மெஷினின் மூடியைத் திறந்தேன். வெளிக்காடியில் பதினைந்து சுற்று, அழகாக, ஒரு பிசிறில்லாமல் படுத்திருந்தது. ஒட்டைத் தொடாமல் ஒவ்வொரு சுற்றாகத் தூக்கி உள்காடியில் இறக்கினேன். மூன்று மணி நேரம் ஆனது. முப்பத்திரண்டு சுற்று. மூடியைப் போட்டு, குளிர வைக்கிற தண்ணீரை ஓடவிட்டு, மெஷினை ஓட்டினேன். கேமராவில் ஒரே புள்ளி. உருண்டை. அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மைக்ரான் உள்ளே வந்தார். "அட! வந்துருச்சே! ஸ்பூல மாத்திட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'யாரால வந்துச்சோ அவங்க வீட்டுக்குப் போகணும்' என்று முதலாளியம்மா சொன்னது காதில் கேட்டது.

"ம்" என்றேன்.

"பாத்தீங்களா, உங்க அத்தான் பண்ணின வேலை!" என்று அவர் முதலாளியம்மாவிடம் சொல்ல ஓடினார்.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே தெரியவில்லை. கதவைத் திறந்த அக்கா உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன், காடியைப் பற்றி, தாளைப் பற்றி, 'ம்' சொன்னதைப் பற்றி.

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அடையவில்லை.

"புதன்கிழமை நீ பெரிய வட்டம்னு சொன்னப்பவே எனக்குப் பக்குன்னுச்சு. அந்தத் தாளை எழுதினவ நான். பத்து சென்டிமீட்டர்னு எழுதினது ஞாபகம் இருந்துச்சு."

"அப்பவே கேக்க வேண்டியதுதானக்கா!"

"யாரை? உன்னையா?" என்றாள் அக்கா. "தாள்ல போட்டபடிதான் சுத்தறியான்னு அவரும் ஒருநாள் கேக்கலாம்னு நெனச்சாராம். உன் முகத்தைப் பாத்துட்டு விட்டுட்டாராம், அரைக்கண்ணு தெரியற மனுஷனுக்கே அந்த முகம் தெரிஞ்சிருக்கு. நீ எல்லாரையும் கேள்வி கேப்ப. உன்னை ஒருத்தர் ஒண்ணு கேட்டுர முடியுமாடி?"

மைக்ரான் விழுங்கின கேள்வி நினைவுக்கு வந்தது. அதை அவர் கேட்டு முடித்திருந்தால் அடுத்த கேள்வி சுற்றைப் பற்றித்தான் வந்திருக்கும்.

குரல் கேட்டு அத்தான் உள்ளே இருந்து வந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லையே.

"யாரு, நீயாம்மா? மெஷின் என்னாச்சு?"

"சரியாயிருச்சு அத்தான்."

"அப்பாடா" என்றார். நிஜமாகவே முகம் மலர்ந்தது. "ராத்திரியெல்லாம் இதே நெனப்பு. சிபாரிசு பண்ணினவ நீயாச்சே, என்னால உன் வேலைக்கு எதுவும் வந்துருமோன்னு. ஒண்ணும் ஆகாதுல்ல?"

என்னைத் திட்டியிருக்கலாம். கையை ஓங்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அங்கேயே போனை எடுத்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டேன். அக்கா என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், ஸ்பூல் மாத்தலை. மூணு மெஷினையும் தப்பாச் சுத்தினது நான். இன்னைக்கு உள்காடியில சுத்தினேன், சரியாயிருச்சு. அவர் நோட்டுல ஒரு எண்கூட மாறலை."

"மாத்தினேன்னு காலையில சொன்னியே?"

"பொய் மேடம்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அவரைக் கண் ஆபரேஷன முடிச்சுட்டு வரச் சொல்லு. அவர் இடம் அப்படியே இருக்கும். தப்பா சுத்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தப் பொய்க்காக, நீ இனிமே வேலைக்கு வர வேண்டாம்."

போனை வைத்தேன். பக்கத்தில் நின்றதால் அக்காவுக்குக் கேட்டிருந்தது. அத்தானுக்குக் கேட்கவில்லை.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஆபரேஷன் பண்ணிட்டு வரச் சொன்னாங்க அத்தான். உங்க இடம் அப்படியே இருக்குமாம்."

அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு நீயும் வாம்மா. டாக்டர் சொல்றது உன் அக்காவுக்கு ஒண்ணும் புரியாது. நீன்னா நாலு கேள்வி கேப்ப. லீவு குடுப்பாங்களா உனக்கு?"

"குடுப்பாங்க அத்தான்" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.